வயிற்றுக்கா, வயலுக்கா?

யாத்திரை போகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துகொள்கிறார்கள். கோயில் எந்த நூற்றாண்டில் எழுந்தது, கட்டிய அரசன் யார், எந்தச் சிற்பத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்று வியக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஆனால் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் அந்த ஊரில் எந்தக் கடையில் போய் ஊசியும் நூலும் கேட்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசுர அனுக்கிரகச் சிற்பத்தின் முன்னால் நிற்கும்போது மனம் எங்கோ பறந்துவிடுகிறது, வாஸ்தவந்தான். ஆனாலும் சட்டை என்னவோ உடம்பில்தான் இருக்கிறது!

அந்தக் கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நாலு நாள் தங்கியது ஜெயங்கொண்டத்தில். திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது ஊர். சோழர்களின் விருதுப் பெயர் ஒன்றைச் சுமந்துகொண்டு, உடையார்பாளையம் தாலுகாவுக்குத் தலைநகராகவும் இருந்துகொண்டு, ரயில் மட்டும் இல்லாத ஊர். ரயிலுக்கு அரியலூர்தான் போக வேண்டும். ஆகையால் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்து இறங்கி, வேண்டியதை வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலேயே திரும்புகிறார்கள். ஒரு கடைத்தெரு செழிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னோடு வந்த நண்பர் இத்தாலியில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றுத் திரும்பியவர். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, எதைப் பார்த்தாலும் அவருக்கு இத்தாலி ஞாபகம் வந்துவிடும். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதில் எது என்ன கடை என்று எப்படி ஐயா தெரிந்துகொள்வது? இத்தாலியில் இந்தக் கஷ்டமே கிடையாது" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இத்தாலிய பாஷையில் கடைப் பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டாம். ரொட்டிக்குப் 'பானே' என்று பெயர். ரொட்டிக் கடை 'பனெத்தேரியா'. 'ஜெலாத்தோ' என்றால் ஐஸ்கிரீம். அது விற்கும் கடை 'ஜெலாத்தேரியா'. 'லிப்ரோ' என்றால் புத்தகம். 'லிப்ரேரியா' புத்தகக் கடை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அதை லைப்ரரி என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கூடாது. நூல் நிலையத்துக்கு 'பிப்லியோத்தேக்கா' என்று வேறு பெயர். மளிகைக் கடை 'அலிமெந்தாரி'. ஆணி, பூட்டு, கம்பி விற்கிற இரும்புக் கடை 'ஃபெர்ரமென்தா'. ஊசி, நூல், பொத்தான், நாடா ஆகியவற்றுக்கென்றே 'மெர்ச்செரியா' என்று ஒரு கடை. 'துரொகெரியா' என்ற பலகையைப் பார்த்துப் போதை மருந்து என்று யாரும் மிரள வேண்டாம். ஏலம், கிராம்பு, மிளகு போன்ற சரக்குகளுக்கு அந்தக் காலத்தில் ஏற்பட்ட பெயர் அது.

வெளியூர்க்காரனுக்கு மிகவும் உபயோகமான கடைக்குப் பெயரைப் படிக்கவே வேண்டாமாம். கருநீலப் பலகையில் வெள்ளையாக 'டி' என்ற எழுத்து இருந்தால் போதும். அது புகையிலைக் கடை. சிகரெட், தபால் தலை, பஸ் டிக்கெட், அரசாங்க முத்திரைத் தலை, லாட்டரிச் சீட்டு எல்லாம் அங்கேதான். பழைய பலகைகளில் 'உப்பும் புகையிலையும்' என்றே எழுதியிருக்கும். உப்பு விற்கும் உரிமையை அந்த நாட்டு அரசாங்கம் தன் கையிலேயே வைத்திருந்தது. 1970களில்தான் விட்டுக் கொடுத்தது. இதைக் கேட்டதும் எனக்கு வேதாரண்யம் நினைவுக்கு வந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, கும்பகோணம் வழியாகக் கால்நடையாகவே கடற்கரைக்குப் போய் உப்பு அள்ளினாரே, அதுவும் சர்க்கார் கையிலிருந்த உப்புக்காகத்தான். 1900-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மலேரியாவுக்கான கொய்னாவைக்கூட இத்தாலியில் இதே உப்புப் புகையிலைக் கடைகளில் சர்க்கார் விற்றதாம். நம் நாட்டிலும் வெள்ளைக்காரன் காலத்தில் தபாலாபீசில் கொய்னாப் பொட்டலம் கிடைத்தது. காய்ச்சல்காரனுக்கு மருந்து எந்த வாசலில் கிடைக்கும் என்பது எல்லா நாட்டிலும் பெரிய கேள்வியாகத்தான் இருந்திருக்கிறது.

"இப்போது மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை விளக்கு" என்றார் நண்பர். "எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும். மூலிகைக் கடை வேறு. அதற்கு 'எர்போரிஸ்தேரியா' என்று பெயர். 'பார்' என்றால் பயப்படாதீர்கள், அது காப்பிக் கடை. காலையில் தாய்மார்கள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற இடம். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் அதைவிட அதிகம். இவ்வளவையும் தெரிந்துகொண்டால் இத்தாலி முழுவதும் சுற்றலாம்."

நம் ஊரில் அப்படிப்பட்ட ஒழுங்கு கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நம்முடைய கடைப் பலகைகள் கடையைப் பற்றிச் சொல்வதைவிடக் கடைக்காரரின் பக்தியையும் குடும்பத்தையும் பற்றியே அதிகம் சொல்கின்றன. முருகன், விநாயகர், மாரியம்மன் ஆகியோர் எல்லா வியாபாரமும் செய்கிறார்கள். அவர்களுக்கு அடுத்தபடி பேரன் பேத்திகள். பெயருக்குப் பின்னால் 'ஸ்டோர்ஸ்' என்று இருந்தால் மளிகையாகவும் இருக்கலாம், பாத்திரமாகவும் இருக்கலாம். 'ஏஜென்சீஸ்' என்றால் சிமெண்டிலிருந்து பிஸ்கோத்து வரையில் எதுவாகவும் இருக்கலாம். 'ஹோட்டல்' என்றால் சாப்பாடு மட்டுந்தான். படுக்க இடம் கேட்டால் சிரிப்பார்கள். படுப்பதற்கு 'லாட்ஜ்', அங்கே சாப்பாடு கேட்டால் பையன் வெளியே ஓடி வாங்கி வருவான்.

பழைய தமிழ்நாட்டில் இப்படி இல்லை. பட்டினப்பாலையிலும் மதுரைக் காஞ்சியிலும் கடைத்தெருவில் பறக்கும் கொடிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. கள் விற்கும் இடத்துக்குக்கூடக் கொடி உண்டு. பகலில் கூடும் நாளங்காடி, இரவில் கூடும் அல்லங்காடி என்று சந்தையே இரண்டு வகை. மணிமேகலை பாடிய சாத்தனாரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி, என்று அவருடைய கடையைச் சேர்த்தே சொல்கிறோம். கொடி போய்ப் பலகை வந்தது. பலகையில் கடை போய்க் கடவுள் வந்தார்.

ஆனாலும் ஜெயங்கொண்டத்துக்கு வரும் கிராமத்து ஜனங்கள் ஒருவரும் கடை தெரியாமல் தடுமாறுவதை நான் பார்க்கவில்லை. அவர்கள் பலகையைப் படிப்பதில்லை; வாசலில் தொங்குவதைப் பார்க்கிறார்கள். கயிறும் சாட்டையும் தொங்கினால் மாட்டுச் சாமான் கடை. வண்ண வண்ணமாகக் குடம் தொங்கினால் பிளாஸ்டிக் கடை. வளையலும் ரிப்பனும் தொங்குவது 'ஃபேன்ஸி ஸ்டோர்'. நண்பருடைய மெர்ச்செரியா அதுதான், அறுந்த பொத்தானும் அங்கேதான் கிடைத்தது. முந்திரி விளைகிற சீமையாதலால் முந்திரிக்கொட்டை வாங்குகிற மண்டி உண்டு. மண்டி என்பது மூட்டைக் கணக்குக்கு. அங்கே போய் நூறு கிராம் பருப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையில் நாலு பருப்பை வைத்து, சில்லறைக்கு எதிர்க் கடை என்று கை காட்டுவார்கள்.

மளிகைக் கடைக்கு அடையாளம் உப்பு மூட்டை. இரவில் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போதும் பல ஊர்களில் உப்பை வெளியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஒருவனும் தொடமாட்டான். ராஜாங்கங்கள் காவல் போட்டுக் காத்த உப்பை நம் மளிகைக்காரர் தெருவிலே விட்டுவிட்டுத் தூங்குகிறார்!

நாட்டு மருந்துக் கடையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய் என்று நூற்றுக்கணக்கான சரக்குகளைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயர் எழுதிய சீட்டுப் பாதி டப்பாக்களில் இராது. கடைக்காரரின் கைக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு வசம்பும் அங்கேதான். அதன் பெயரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்று கேட்கிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஹோமச் சாமான், கல்யாணத்துக்கு மஞ்சள், கடைசி யாத்திரைக்கு வேண்டியது எல்லாம் அதே கடையில். பச்சைச் சிலுவைக்கும் எர்போரிஸ்தேரியாவுக்கும் நடுவில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடை இருந்தால் அதுதான் நம்முடைய நாட்டு மருந்துக் கடை.

இரண்டாம் நாள் நண்பருக்கு வயிறு சரியில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "மருந்துக் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பெரியவர் தோளில் துண்டும் கையில் ஒரு தெளிப்பான் குழாயுமாக நின்று, எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வயித்துக்கா, வயலுக்கா?" என்றார்.

நண்பர் திகைத்துப் போனார். இத்தாலியில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஜெயங்கொண்டத்தில் மருந்துக் கடை என்றால் மூன்று வகை: நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து, பூச்சி மருந்து. "வயிற்றுக்குத்தான் ஐயா" என்று நண்பர் பரிதாபமாகச் சொன்னதும், பெரியவர் இங்கிலீஷ் மருந்துக் கடையைக் காட்டிவிட்டு, "கொஞ்சம் ஓமத் தண்ணி குடிங்க, சரியாப் போயிடும்" என்று இனாமாக வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி என் மனசில் தங்கிவிட்டது. அன்று முழுவதும் கடைத்தெருவில் நடந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நம் ஊர்க் கடைகளைப் பலகையால் பிரிக்க முடியாதுதான். ஆனால் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியால் பிரித்துவிடலாம். மளிகைக்காரர், "எத்தனை பேருக்கு?" என்று கேட்கிறார். ஜவுளிக் கடையில், "என்ன விசேஷம்?" நாட்டு மருந்துக் கடையில், "யாருக்கு? என்ன வயசு?" பாத்திரக் கடையில், "சீருக்கா, வீட்டுக்கா?" அடகுக் கடையில், "எப்ப மீட்பீங்க?" பெட்டிக் கடையில் ஒன்றும் கேட்பதில்லை, தெரிந்த முகமாயிருந்தால் கேட்பதற்குள் எடுத்து நீட்டிவிடுவார்கள். நியாய விலைக் கடையில் விற்பனையாளருக்கு முன்னால் இயந்திரம் கேட்கிறது, விரல் ரேகையை. புதிதாக வந்திருக்கும் குளிரூட்டிய சூப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு கேள்விதான்: "பை வேணுமா சார்?"

பழைய கடைகளின் இந்தக் கேள்விகளைப் பற்றி உருக்கமாக எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நியாயமாயிராது. கேள்வி கேட்கிற கடைக்காரர் எல்லாரும் கருணையினால் கேட்டவர்கள் அல்லர். "எந்தத் தெரு?" என்ற கேள்வியும் இந்தத் தமிழ்நாட்டில் கேட்கப்பட்டதுதான். சில ஊர் டீக் கடைகளில் இரண்டு வகைத் தம்ளர் இருந்தது. யாருக்கு எந்தத் தம்ளர் என்று தீர்மானித்தது அந்தக் கேள்விதான். பழைய பாக்கியை நாலு பேர் முன்னால் கேட்டுத் தலை குனிய வைக்கும் கேள்வியும் உண்டு. பருவம் வந்த பெண் தனக்கு வேண்டியதை வாங்கப் போனால், அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரின் பார்வையே ஒரு கேள்வி. அந்தப் பெண் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய், வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு, எவரும் எதுவும் கேளாமல் வெளியே வருகிறாள். எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலையைப் பொட்டலத்தின் மேலே அச்சடிக்க வேண்டும் என்ற விதி 1990-ல் வந்தது. அதன் பிறகு, விலையைக்கூடக் கேட்கத் தேவையில்லை. ஏழைக்கும் வெளியூர்க்காரனுக்கும் பேசத் தயங்குகிறவனுக்கும் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதைப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் எளிதில் உணரமாட்டார்கள்.

இப்படி இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாம் நாள் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நண்பரும் நானும் ஓடிப்போய் ஒதுங்கிய தாழ்வாரம் ஒரு பூச்சி மருந்துக் கடையினுடையது. சுவரில் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இந்த வியாபாரம் செய்ய முடியாது. கடைக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். எங்களுக்கு ஒரு பெஞ்சைக் காட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிறவர்கள் எல்லோரையும் அவர் டாக்டரைப் போல விசாரித்தார். "என்ன பயிரு? எத்தனை நாளாச்சு? எத்தனை ஏக்கரா?" ஒருவர் நோயாளியையே கொண்டுவந்ததுபோல மக்காச்சோளக் குருத்து ஒன்றை ஈரத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "படைப்புழுதான்" என்றார். 2018-ல் நம் நாட்டில் புதிதாக நுழைந்து, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தை வாட்டி எடுத்த புழு அது.

அப்புறம் ஒரு வாலிபன் வந்தான். முப்பது வயசுக்குள் இருக்கும். குடை இல்லை, முழுக்க நனைந்திருந்தான். ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, "ஒரு டப்பா குடுங்க அண்ணே" என்றான்.

"என்ன பயிரு தம்பி?"

"சோளம்."

"எத்தனை நாள் பயிரு?"

பதில் வரவில்லை.

"புழு குருத்துல இருக்கா, இலையில இருக்கா?"

வாலிபன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பணத்தை மட்டும் மேஜைமேல் வைத்தான். கடைக்காரர் பணத்தையும் தொடவில்லை, அலமாரிப் பக்கமும் திரும்பவில்லை.

"மழை பேயிறப்ப அடிச்சா எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும் தம்பி. உக்காருங்க, மழை விடட்டும்" என்று சொல்லி, பக்கத்துக் கடையில் நாலு டீ சொன்னார். எங்களுக்கும் சேர்த்துத்தான். பேச்சு வாக்கில், எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்தார். பிறகு சரக்குப் பார்க்கிறவரைப் போல உள்ளே போய், டெலிபோனில் தாழ்ந்த குரலில் யாரிடமோ ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். அப்புறம் மழையைப் பற்றியும் முந்திரி விலையைப் பற்றியும் பேசினார். வாலிபன் டீயைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அரை மணிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜாடையைப் பார்த்தாலே தமையன் என்று தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தம்பியின் தலையைத் துவட்டினான். தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கடைக்காரர் மேஜைமேல் இருந்த பணத்தை எடுத்துத் தமையனிடம் கொடுத்தார். இரண்டு பேரும் மழையிலேயே புறப்பட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை. நண்பர்தான் மெதுவாகச் சொன்னார்: "இத்தாலியில் இந்த மாதிரி மருந்து வாங்குவதற்கு விவசாயி பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். காட்டினால் கொடுத்துவிடுவார்கள்."

"அது நல்ல ஏற்பாடுதான் சார். இங்கேயும் வந்தா நல்லது" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பையன் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ஒண்ணுமே இல்லாம இருந்தாலும் இருக்கும். பயிரோட வயசு தெரியாதவன் வெள்ளாமைக்காரன் இல்லை. அவனுக்கு நான் எப்படிக் கொடுக்கிறது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இல்லேன்னா இன்னொரு கடைக்குப் போயிருப்பான். அங்கேயும் கேட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

மழை விட்டிருந்தது. தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு கிழவி தாழ்வாரத்தில் ஏறினாள்.

"வா ஆயா, என்ன பயிரு?" என்றார் கடைக்காரர்.

"மல்லாட்டை" என்றாள் கிழவி. "நாப்பது நாளு ஆவுது. ரெண்டு நாளா இலை சுருட்டுதுடா தம்பி."

"சரி, இரு" என்று சொல்லி, அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார்.